யாங்கோன் பஸ் பயணத்துக்கு எந்த நெக்பேண்ட்?

தம்பி, தாமுவேயிலிருந்து தினமும் பஸ்ஸில் போகிறீர்கள், 40,000 கியாட்டுக்குள் நெக்பேண்ட் (கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் இயர்போன்) வேண்டும், பேசினால் எதிர்முனையில் இரைச்சல்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

பெட்டியில் இஎன்சி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் மைக்கில் விழும் இரைச்சலைக் குறைப்பது அதுதான். ஏஎன்சி வேறு, அது உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது. கடையில் இரண்டையும் ஒன்றுபோலச் சொல்லி விற்பார்கள். இந்த விலையில் ஏஎன்சிக்காகக் காசு கொடுக்காதீர்கள். காதை நன்றாக அடைக்கும் அளவில் ரப்பர் மாட்டினாலே பஸ் சத்தம் நிறையக் குறையும். வாங்கும் முன் தெருவோரம் நின்று அதை மாட்டி வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிப் பாருங்கள். அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டால் சரி.

அப்புறம் சார்ஜ். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டைப்-சி, வேக சார்ஜ் இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். பத்து நிமிடம் போட்டாலே போக வர ஓடும். ஒரு சார்ஜில் 40 மணி நேரம் ஓடும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பாதி ஒலியில் வைத்துப் போட்ட கணக்கு.

மழைக்கு, நீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்5 என்று போட்டதாக எடுங்கள், ஐபிஎக்ஸ்4 தெறிக்கும் நீரைத்தான் தாங்கும். சார்ஜ் துளை மூடியை இறுக்கி மூடுங்கள். என் பழையது அங்கே ஈரம் புகுந்துதான் போனது.