கம்பு சுற்ற எவ்வளவு இடம் வேண்டும்? கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வீட்டிலேயே சிலம்பம், கராத்தே, குத்துச்சண்டை பழகுவது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பொருள் வாங்குவதைப் பற்றியவை: எந்தக் குத்துப்பை நல்லது, எந்த விரிப்பு மலிவு, இரும்பு ஸ்டாண்டு போதுமா. காலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கே முதலிடம் தருகிறேன்.

தேவிபட்டினம் வாசகர்: வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 20 அடி மணல் நிலம் சும்மா கிடக்கிறது. நானும் மகனும் சிலம்பம் பழக விரும்புகிறோம். சிமெண்ட் தளம் போட்டுவிடலாமா, வாத்தியார்?

போட வேண்டாம். சிமெண்ட் தரையில் நாள்தோறும் துள்ளிக் காலடி வைத்தால் சில மாதங்களிலேயே கணுக்காலும் முழங்கால் எலும்பும் முறையிட ஆரம்பிக்கும். அதற்காக வெறும் மணலிலும் பழக வேண்டாம். கிறுக்கி போடும்போது, அதாவது கம்போடு சுழன்று திரும்பும்போது, உடல் திரும்பும், மணலில் புதைந்த பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதையும் முட்டிதான் வாங்கிக்கொள்ளும்.

உங்களுக்கு வேண்டியது கெட்டித்த மண் தரை. முதலில் மேல் மணலை அரை அடி ஆழத்துக்கு வாரிச் சலித்துவிடுங்கள். நம் பக்கத்தில் எந்த மணலைக் கிளறினாலும் சீமைக் கருவேல முள் இருக்கும். கரையோரம் என்றால் சிப்பித் துண்டும் தூண்டில் முள்ளும் சேர்ந்துகொள்ளும். பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள், ஆணியும் தூண்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு சவுடு மண்ணை மூன்று அங்குலம் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, காய்ந்ததும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். சரளை கலந்த மண்ணை லாரிக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். கடைசி அடுக்குக்கு மட்டும் சலித்த மண்ணோடு கொஞ்சம் ஆற்று மணலைக் கலந்தால் வழுக்காது.

இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, தெளிக்கும் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் உவர் நீரை நாள்தோறும் தெளித்தால் தரையில் உப்புப் பூத்து மேல் மண் மாவாக உதிரும். குடிக்க வாங்கும் தண்ணீரை மண்ணுக்கு ஊற்றச் சொல்லவில்லை, மழை நீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் போதும். மற்றொன்று, வாட்டம். களம் சுற்றுப்புறத்தைவிட அரை அடி உயர்ந்து, ஒரு பக்கமாக இரண்டு மூன்று அங்குலம் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது குட்டையாகிவிடும். சாணம் மெழுகினால் பார்க்க அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும். பழகும் தரைக்கு நான் அதைச் சொல்வதில்லை.

அளவைப் பொறுத்தவரை, ஐந்தரை அடிக் கம்பை ஒரு முனையில் பிடித்துக் கையை நீட்டிச் சுற்றினால் உங்களைச் சுற்றி ஏழு, ஏழரை அடி வரை அது போகும். அதாவது 15 அடி வட்டம் ஒருவருக்கே சரியாக இருக்கும். ஆகவே நீங்கள் சுற்றும்போது மகன் களத்துக்கு வெளியே நிற்கட்டும், அவர் சுற்றும்போது நீங்கள் வெளியே நில்லுங்கள்.

இராமேஸ்வரம் வாசகி: எங்களுக்கு முற்றம் கிடையாது, மொட்டைமாடிதான் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பழக்கலாமா?

பழக்கலாம். ஆனால் ஏறியதும் கீழே பார்க்காமல் மேலே பாருங்கள், மின்கம்பி எங்கே போகிறது என்று. உயர்த்திய கையும் கம்பும் சேர்ந்தால் பன்னிரண்டு அடிக்குக் குறையாது. ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வரும் கம்பி மாடிக்கு மேலாகக் குறுக்கே போனால் அந்த இடம் களமே இல்லை. வேறு இடம் பாருங்கள்.

கம்பி இல்லாவிட்டால் அடுத்த கவலை கைப்பிடிச் சுவர். மூன்றடிச் சுவர் ஓடி வரும் பிள்ளையை நிறுத்தும், கையில் இருந்து நழுவிய கம்பை நிறுத்தாது. தெருவில் போகிறவர் தலைக்கு அது நல்லதல்ல. இதற்கு உங்கள் ஊரிலேயே மலிவான மருந்து இருக்கிறது: கிழிந்து ஒதுக்கிய மீன்வலை. நான்கு மூலையிலும் கழி நட்டு, எட்டடி உயரத்துக்கு வலையைத் தொய்வாகக் கட்டுங்கள். விறைப்பாகக் கட்டினால் கம்பு தெறித்துத் திரும்பி வரும், தொய்வாக இருந்தால் சிக்கி விழும். வலையின் ஈயக் குண்டுகளை முதலில் அறுத்தெடுத்துவிடுங்கள்.

விடியற்காலையில் கடற்காற்றின் உப்பு ஈரம் தளத்தில் மெல்லியதாகப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரால் துடைத்து உலரவிட்டுத் தொடங்குங்கள். ஏழு மணிக்கு மேல் வெயிலும் தளமும் சேர்ந்து சுடும், அதற்குள் முடித்துவிடுங்கள். மாடித் தளமும் சிமெண்ட்தான் என்பதால் துள்ளல் பயிற்சியைக் குறைத்து, சுவடும் (காலடி வைக்கும் வரிசை) கம்பு வீச்சும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி வாசகர்: மகள் கராத்தே பழகுகிறாள். ஒன்றோடொன்று பொருந்தும் நுரை விரிப்பை மாடியில் நிரந்தரமாகப் போட்டுவைக்கலாமா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உங்கள் விரிப்பு பாம்பனைத் தாண்டிவிடும். வெயிலிலும் அது பொடிந்துபோகும். வீட்டுக்குள் அடுக்கி வைத்து, பழகும்போது மட்டும் விரியுங்கள். போட்டிக் களம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். வீட்டில் கட்டா (தனியாகச் செய்யும் அடி, தடுப்பு வரிசை) பழக அதில் பாதி அகலம் இருந்தாலே நன்றாகச் செய்யலாம். 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஜூடோ போலத் தூக்கி எறியும் பயிற்சி என்றால் 40க்குக் குறையக் கூடாது. விரிப்புக்கு அடியில் மணல் இருந்தால் அது நகரும். பெருக்கிவிட்டு விரியுங்கள்.

மண்டபம் வாசகர்: குத்துப்பையை விசிறிக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

நண்பர்கள் சொல்வதுதான் சரி. இன்றைக்கே இறக்குங்கள். விசிறி நாலைந்து கிலோ, பை முப்பது கிலோ. அதோடு ஒவ்வொரு குத்துக்கும் அது கொக்கியை வெட்டி இழுக்கிறது. கடலோரக் கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதினால், வெளியே சிறு விரிசலும் பழுப்புக் கறையுமாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட கூரையில் எதையும் தொங்கவிடக் கூடாது. கூரை நன்றாக இருந்தாலும் உத்திரத்தில்தான் கொக்கி, அதையும் பொறியாளரோ அனுபவமுள்ள கொத்தனாரோ பார்த்துச் சொன்ன பிறகு.

இரண்டு பனங்கட்டைகளை மூன்றடி ஆழத்தில் நட்டு, மேலே குறுக்குக் கட்டை போட்டுக் கட்டுவது நல்ல மாற்று. இதற்கென்று மரத்தை வெட்ட வேண்டாம், இடித்த பழைய வீடுகளின் வைரம் பாய்ந்த கட்டைகள் கிடைக்கும். பூவரசோ வேம்போ இருந்தால் தடித்த கிளையில் சாக்கைச் சுற்றி அதன்மேல் கட்டலாம். தென்னைக்கு அடியில் மட்டும் களம் வேண்டாம். தேங்காய் உங்கள் வகுப்பு முடியும்வரை காத்திருக்காது.

பைக்குள் கடல் மணல் நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஈரத்தை இழுத்து, அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். தையற்கடை வெட்டுத்துணியை அமுக்கி அமுக்கி நிரப்புங்கள், மணிக்கட்டு தப்பிக்கும்.

பாம்பன் வாசகர்: சங்கிலி, வளையம் எல்லாம் ஒரே வருடத்தில் துருப்பிடிக்கின்றன.

பளபளப்பான மெல்லிய பூச்சுள்ள சங்கிலி உங்கள் ஊருக்கு ஆகாது. சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தது, அல்லது 316 வகைத் துருவேறா எஃகு வாங்குங்கள். விளையாட்டுப் பொருள் கடையைவிட, படகுக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்பது புத்திசாலித்தனம். கடலில் தாங்குவதை அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். கயிறு என்றால் வெயில் படும் இடத்தில் அது நைந்துபோகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கீழக்கரை வாசகி: அறை 10 அடிக்கு 12 அடிதான். வெளியே பழக விருப்பமில்லை. சிலம்பத்தை விட்டுவிடுவதா?

ஏன் விட வேண்டும்? முழுக் கம்பை மட்டும் விடுங்கள். காலடி, வீடு கட்டுதல் (நாலு திசைக்கும் திரும்பி அடி வைக்கும் வரிசை), குத்துவரிசை (வெறுங்கைச் சண்டை), குறுந்தடி எல்லாம் அந்த அறைக்குள் அடங்கும். முழுக் கம்பில் செய்யும் மணிக்கட்டுச் சுழற்சியை மூன்றடிப் பிரம்பில் பழகினால் கை அதை மறக்காது. கண்ணாடி அலமாரிக்கு முன் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள், விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் பழைய வீட்டில் நடுமுற்றம் இருந்தால், வீட்டுப் பெண்கள் சேர்ந்து காலையில் ஒரு மணி நேரம் அதை எடுத்துக்கொள்ளலாம். அதைவிட மறைவான, காற்றோட்டமான களம் ஊரில் கிடைக்காது.

சாயல்குடி வாசகர்: மூங்கில் கம்பில் பொடி உதிர்கிறது. என்ன செய்வது?

உளுத்துவிட்டது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டின் வேலை அது. அந்தக் கம்பை எதிராளியோடு மோதும் அடிமுறைக்குப் பயன்படுத்தாதீர்கள், பிளந்து கண்ணில் தெறிக்கும். புதிய கம்பைச் சில வாரங்கள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தினால் மாவுச்சத்து கரைந்து வண்டு குறையும். பிறகு மாதம் ஒருமுறை வேப்பெண்ணெய் மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடுங்கள், சொட்டச் சொட்டத் தடவினால் பிடி வழுக்கும். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். இரண்டு ஆணிகளின்மேல் படுக்கையாக வையுங்கள். கம்பின் நீளம், தரையில் இருந்து உங்கள் புருவம் வரை.

தொண்டி வாசகர்: தீப்பந்தம் சுற்றிப் பழக வீட்டில் எந்த இடம் சரி?

எந்த இடமும் இல்லை. கீற்றுக் கொட்டகை, நைலான் வலை, படகு டீசல், இவற்றோடு ஓயாத காற்று. வாத்தியார் அருகில் நிற்க, திறந்த மைதானத்தில், ஈரச் சாக்கும் தண்ணீர் வாளியும் தயாராக இருக்கும்போது மட்டும். வளைந்து சுருளும் மெல்லிய தகடான சுருள் வாளுக்கும் இதே பதில்தான்.

வாலிநோக்கம் வாசகர்: கடற்கரையிலேயே பழகினால் என்ன?

வாரம் ஒருநாள் நல்லது. அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும். ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருப்பதால், ஒரே திசையில் நின்று பழகினால் ஒரு கால் மட்டும் தாழ்ந்தே நிற்கும். பாதி நேரத்தில் திரும்பி நின்று பழகுங்கள். செருப்பைக் கழற்றும் முன் ஒருமுறை நடந்து தரையைப் பாருங்கள். சிப்பி கீறினால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, தடுப்பூசிக்காக மருத்துவரிடம் போய்விடுங்கள்.