கூல் பார்க்கில் வீடு எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பில் வளர்ந்தவள். இப்போது அயர்லாந்தில், கால்வே நகரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது அவர்களைக் கோர்ட் (Gort) என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கூல் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். நாடக ஆசிரியை லேடி கிரகரி வாழ்ந்த இடம். ஏரி இருக்கிறது, யேட்ஸும் பெர்னார்ட் ஷாவும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய பீச் மரம் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது, வீட்டைத்தான் காணோம். அடிப்பீடம் மட்டும் மிச்சம். அரசாங்கமே விற்று இடிக்க விட்டதாம். ஐரிஷ் நாடகத்துக்கும் மொழிக்கும் இவ்வளவு செய்தவரின் வீட்டைச் சுதந்திர நாடு இப்படியா நடத்தும் என்று அம்மாவுக்கு ஒரே வருத்தம். அப்பாவோ, "இவையெல்லாம் எரித்திருக்க வேண்டிய வீடுகள்தான், குடியானவன் ரத்தத்தில் கட்டியவை" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இருவருக்கும் வாக்குவாதம். நீங்கள் அயர்லாந்தின் நிலப் போராட்டம் பற்றி எழுதியவர் என்பதால் கேட்கிறேன், யார் சொல்வது சரி? கொழும்பு மியூசியத்தின் முன்னால் சிலையாக நிற்கிற கிரகரியும் இந்தக் குடும்பம்தானா?

ஒரு வாசகி, கால்வே

*

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்கெல்லாம் வழி அதில்தான் இருக்கிறது. ஆம், அவரேதான். சர் வில்லியம் கிரகரி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். 1877 ஜனவரி 1-ம் தேதி திறந்த அந்த மியூசியம் அவர் முயற்சி, நுவரெலியாவில் இருக்கிற கிரகரி ஏரிக்கு அவர் பெயர்தான், வட மத்திய மாகாணத்தைத் தனியாகப் பிரித்ததும் அங்கே பழைய குளங்களைத் திருத்தியதும் அவர் காலத்தில். ஊர் திரும்பியபின் 1880-ல் தன்னைவிட மிக இளையவரான அகஸ்டா பெர்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அகஸ்டாதான் லேடி கிரகரி.

இலங்கைக்குப் போவதற்கு 25 வருடம் முன்னால் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் அயர்லாந்து அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. 1847. உருளைக்கிழங்கை நோய் தாக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. மேற்கு அயர்லாந்தில் ஏழைக்குக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடே கிடையாது, தானியம் விளைந்தாலும் அது குத்தகை கட்டுவதற்குப் போய்விடும். பஞ்ச நிவாரணச் சட்டத்தை லண்டன் நாடாளுமன்றம் திருத்திக்கொண்டிருந்தபோது அங்கே உறுப்பினராக இருந்த கிரகரி ஒரு விதியைச் சேர்க்க வைத்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது, வேண்டுமென்றால் நிலத்தைக் கைவிட்டு வரலாம். பிள்ளைகள் பசியில் கிடக்கிறபோது ஒரு குடியானவன் என்ன செய்வான்? நிலத்தை விட்டான், நிலத்தோடு குடிசையும் போனது. இதோடு இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்கு மேல் போகாத துண்டு நிலங்களுக்கு ஏழை நிவாரண வரியைக் குத்தகைக்காரன் கட்ட வேண்டியதில்லை, நிலச்சுவான்தார்தான் முழுக்கக் கட்ட வேண்டும். ஆகவே சின்னக் குடிகள் அவனுக்கு வருமானம் தராத வரிச்சுமை ஆகிவிட்டார்கள், அவர்களை அப்புறப்படுத்தி நிலத்தை மேய்ச்சலுக்கு விடுவது லாபம். குடிசைக் கூரையைப் பிரித்துச் சுவரை இடித்துத் தள்ளினார்கள், ஆட்கள் திரும்பி வந்து ஒண்டிக்கொள்ளக் கூடாதல்லவா. பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

ஆனால் அதே வருடம், 1847-ல், அதே வில்லியம் கிரகரியின் அப்பா தன் குடிகளுக்கு உதவப் போன இடத்தில் பஞ்சக் காய்ச்சல் தொற்றி இறந்தார். மகனும் கூலில் குடிகளை இரக்கமில்லாமல் விரட்டியவர் என்று பெயரெடுத்தவர் இல்லை. ஒரே வீடு, ஒரே வருடம். இதனால்தான் ஒரு குடும்பத்தை நல்ல குடும்பமா கெட்ட குடும்பமா என்று கேட்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அந்த வீடு எந்தக் காசில் நின்றது, யாருடைய கணக்கில் விழுந்தது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

நிற்பதற்குக் காசு வந்தது குத்தகையில். கூல் நிலத்தை 1768-ல் வாங்கிய ராபர்ட் கிரகரி கிழக்கிந்தியக் கம்பெனியில் இந்தியாவில் சம்பாதித்துக்கொண்டு போனவர், அந்த வீட்டின் அடிக்கல்லில் நம் பக்கத்துப் பணமும் இருக்கிறது. மற்றப் பெரிய பண்ணைகள் பலவற்றின் மூலம் அதற்கும் முந்தையது, புராட்டஸ்டண்ட் இங்கிலாந்தின் தளபதி குரோம்வெல் படையெடுத்து வந்தபின் கத்தோலிக்கரிடமிருந்து பறித்துப் பங்கிட்ட நிலம். 1641-ல் கத்தோலிக்கர் கையில் ஐந்தில் மூன்று பங்கு நிலம் இருந்தது, 1703-ல் அது 14 சதவீதம். அப்புறம் வந்த அமைதியான நூற்றாண்டில்தான் கில்டேரில் காசில்டவுன் மாதிரி மாளிகைகள் எழுந்தன. மே, நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தவணை குத்தகை, அதை வசூலிக்க ஒரு காரியஸ்தர், சுற்றிலும் ஆள் உயர மதில், உள்ளே தோப்பு, ஏரி, குதிரை லாயம். பஞ்சகாலத்தில் பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டிய மதில்கள் இன்னும் கிராமப்புறச் சாலையோரங்களில் நிற்கின்றன, நீங்கள் காரில் போகும்போது கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள்.

வீடுகள் விழுந்ததற்கு முக்கியக் காரணம் தீ இல்லை, கணக்கு. 1879-ல் மைக்கேல் டேவிட் முதலானோர் குத்தகைக் குடிகளுக்காக நிலச் சங்கம் தொடங்கினார்கள். டேவிட்டின் குடும்பத்தையே அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது மேயோவில் வீட்டைவிட்டு வெளியே தள்ளியிருந்தார்கள். அந்தப் போராட்டம் தொடங்கி வைத்தது பல சட்டங்களாக நீண்டது, அதில் பெரியது 1903-ன் விண்டம் சட்டம். அரசு நிலச்சுவான்தாருக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்தது, விற்க மனம் வரட்டும் என்று மேலே 12 சதவீதம் ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொடுத்தது. குடியானவன் அந்தக் கடனை அறுபத்தெட்டரை வருடத்தில் அரசுக்குக் கட்டித் தீர்க்க வேண்டும், கட்டுகிற தவணை பழைய குத்தகையைவிடக் குறைவு. உலகத்தில் இத்தனை பெரிய நிலமாற்றம் இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு நடந்த இடங்கள் மிகக் கொஞ்சம், நான் அந்தச் சட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நிலம் போனபின் வீட்டுக்காரன் கையில் மிஞ்சியது வீடும் தோட்டமும் கொஞ்சம் முதலீட்டுப் பத்திரங்களும். முதல் உலகப் போர் பத்திரங்களின் மதிப்பைத் தின்றது, நிறைய வீடுகளில் வாரிசையும் தின்றது. லேடி கிரகரியின் ஒரே மகன் 1918-ல் விமானப்படையில் இத்தாலியில் இறந்தார். நாற்பது அறை வீட்டுக்கு விறகு வாங்க, ஓடு மாற்ற, உள்ளாட்சி வரி கட்ட யாரால் முடியும்? கூரை இருந்தால்தான் வரி என்பதால், கூரையைத் தாங்களே பிரித்து ஈயத்தையும் மரத்தையும் விற்ற உரிமையாளர்கள் ஏராளம்.

தீ வைத்ததும் உண்மைதான். விடுதலைப் போரிலும், அதன் பின் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்ற புதிய அரசுக்கும் ஏற்காதவர்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரிலுமாக, 1920 முதல் 1923 வரை சுமார் 275 பெரிய வீடுகள் எரிந்தன. உங்கள் அப்பா இங்கேதான் என்னோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். குடியானவன் ரத்தம் என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், தீ அந்த ரத்தத்துக்கு நியாயம் செய்தது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மேயோவில், கேரா ஏரிக்கரையில் மூர் ஹால் என்று ஒரு வீடு. கத்தோலிக்கக் குடும்பம், ஸ்பெயினில் மது வணிகத்தில் சம்பாதித்து வந்து 1790-களில் கட்டியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கலகத்தில் அந்த வீட்டுப் பையன் ஜான் மூர், மேற்கு மாகாணமான கானாக்டின் குடியரசுக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டு, பிடிபட்டுக் காவலில் இறந்தார். பஞ்சம் வந்தபோது வீட்டுக்காரர் ஜார்ஜ் ஹென்றி மூர், குதிரைப் பந்தயப் பைத்தியம். 1846-ல் செஸ்டர் கோப்பையில் அவருடைய கொரன்னா என்ற குதிரை ஜெயித்துப் பெருந்தொகை வந்தது, அந்தப் பணத்திலிருந்து குடிகளுக்குக் கொடுத்தார், அக்கம்பக்கத்து நிலச்சுவான்தார்களோடு சேர்ந்து அமெரிக்காவிலிருந்து தானியக் கப்பல் வரவழைத்தார். அவர் நிலத்தில் பட்டினியால் யாரும் சாகவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை என்பது அந்த வட்டாரம் இன்றும் பெருமையாகச் சொல்கிற விஷயம். அந்த வீட்டை 1923 பிப்ரவரி 1-ம் தேதி எரித்தார்கள். காரணம், அவர் மகன் மாரிஸ் மூர் புதிய அரசின் செனட் சபையில் உறுப்பினராக இருந்தார், அவ்வளவுதான். உள்நாட்டுப் போரில் யார் எந்தப் பக்கம் என்பதுதான் தீக்குச்சியைக் கிழித்தது, பழைய குத்தகைக் கணக்கு இல்லை.

இப்போது ரோஸ்காமன் மாவட்டத்துக்கு வாருங்கள், ஸ்ட்ரோக்ஸ்டவுன். மாஹன் குடும்பத்தின் வீடு. சமையலறைக்கு மேலே ஒரு மாடம் ஓடுகிறது, எஜமானி கீழே இறங்காமல் அங்கிருந்தே அந்த வாரச் சமையல் பட்டியலைப் போடுவாராம், வேலையாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் போய்வர ஒரு சுரங்கப்பாதையும் உண்டு. 1845-ல் மேஜர் டெனிஸ் மாஹன் பொறுப்புக்கு வந்தபோது பண்ணை முழுக்கக் குத்தகை பாக்கி. குடிகளை நிவாரண இல்லத்தில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவது மலிவு என்று காரியஸ்தர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1847 மே மாதம் 1,490 பேரை ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளினுக்கு நடத்திக் கொண்டுபோய், அங்கிருந்து லிவர்பூல் வழியாக அனுப்பினார்கள். வெர்ஜினியஸ் என்ற கப்பலில் ஏறிய 476 பேரில் 158 பேர் கனடாக் கரை சேர்வதற்குள் செத்துப்போனார்கள். அந்த நவம்பர் 2-ம் தேதி மாஹன் வீடு திரும்புகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வீடு எரியவில்லை. 1979 வரை குடும்பத்திடமே இருந்தது.

அது எரியாமல் போனதற்கு நான் சந்தோஷப்படுகிறேன், முழு மனதோடு. 1979-ல் அந்தப் பண்ணையை வாங்கியவர் அதே ஊரில் கராஜ் வைத்திருந்தவர், தொழிலுக்குக் கொஞ்சம் இடம் தேடித்தான் போனார். உள்ளே பண்ணை அலுவலகத்தில் பழைய காகிதக் கட்டுகளைப் பார்த்தார். அதில் ஒன்று, 1846-ல் குளூனஹீ என்ற இடத்துக் குடியானவர்கள் எழுதிக் கொடுத்த மனு. கிழங்கெல்லாம் அழுகிவிட்டது, பிள்ளைகள் பசியில் அழுவதை இனிமேல் தாங்க முடியாது, வேலை கொடுங்கள் என்று கேட்கிறார்கள். பஞ்சத்தில் செத்தவர்களின் குரல் என்று நமக்குக் கிடைப்பது எவ்வளவு கொஞ்சம்! அது பிழைத்திருந்தது அவர்களை விரட்டியவரின் அலமாரிக்குள். இப்போது அந்தப் பண்ணையின் ஆவணங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அங்கேயே 1994-ல் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறந்தார்கள். வீடு எரிந்திருந்தால் குத்தகைப் பேரேடும் எரிந்திருக்கும், வாதியின் சாட்சியும் பிரதிவாதியின் சாட்சியும் ஒரே தீயில் போயிருக்கும்.

அம்மாவின் வருத்தத்துக்கு வருகிறேன். கூலை யாரும் எரிக்கவில்லை. லேடி கிரகரி பிறந்த ராக்ஸ்பரோ வீடு எரிந்தது, கூல் தப்பித்தது. நிலமெல்லாம் குடியானவர்களுக்குப் போனபின், 1927-ல் மிச்சமிருந்த தோட்டமும் வீடும் அரசுக்கு விற்கப்பட்டன, தன் வீட்டிலேயே வாடகை கட்டிக்கொண்டு 1932-ல் இறக்கும்வரை அவர் இருந்தார். வனத்துறைக்கு மரம் வேண்டியிருந்தது, வீடு வேண்டியிருக்கவில்லை. 1941-ல் இடித்துக் கல்லாக விற்றார்கள். அப்போது அந்த அரசிடம் காசு இல்லை என்பது உண்மை. இருந்தாலும் எனக்கு அது மன்னிக்க முடியாத காரியம். அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கமான அபேயின் திட்டம் பேசிய அறைகள் அவை. கால் ஏக்கர் விதியை எழுதியவரின் புத்தக அறையும் அதே கூரைக்குக் கீழேதான் இருந்தது. இரண்டையும் ஒரே வாசல் வழியாகப் போய்ப் பார்க்க முடிகிற ஒரே இடத்தைக் கல்லுக்காகக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் எனக்குக் கவலை. மிஞ்சிய வீடுகளில் பல இன்று விலை உயர்ந்த ஹோட்டல்கள், லிமெரிக்கின் அடேர் மேனர், மேயோவின் ஆஷ்ஃபோர்ட் காசில் மாதிரி. ஹோட்டல் ஆனதால்தான் கூரை நிற்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுற்றிக் காட்டும்போது குத்தகை யார் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டோனிகாலில் கிளென்வே கோட்டைக்குப் போகிறவர்கள், அதைக் கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர் (அடேர் மேனரோடு தொடர்பில்லாதவர்) 1861 ஏப்ரலில் டெர்ரிவேயில் 47 குடும்பங்களை வெளியேற்றிய பிறகுதான் அங்கே கல் வைத்தார் என்பதைத் தெரிந்துகொண்டு ஏரியை ரசிக்கட்டும்.

உங்களுக்குக் கால்வேயிலிருந்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் காரில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வீட்டுக்குள் போங்கள், அந்த வரிசை முக்கியம். மூர் ஹாலில் சுவர்கள் மட்டும்தான் நிற்கின்றன, 2018-ல் மேயோ மாவட்ட சபை அதை வாங்கியிருக்கிறது. சுற்றிக் காட்டில் நடக்கப் பாதை இருக்கிறது, மழைக்காலத்தில் சேறாக இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.