ஆண்டெனா கேள்வி-பதில்: கூரையில் இருக்கும் குறையை டிவிக்குப் பக்கத்தில் தேடாதீர்கள்

ஆண்டெனா பற்றி வந்துள்ள கேள்விகளில் நிறைய, ‘எந்த பூஸ்டர் வாங்கலாம்?’ என்றே முடிகின்றன. சிக்னலைப் பெருக்கும் இந்த பூஸ்டர் தேவைப்படும் வீடுகளும் உண்டு. ஆனால் குறை பெரும்பாலும் ஆண்டெனா நிற்கும் இடத்தில் இருக்கும், அல்லது அது பார்க்கும் திசையில், அல்லது கீழே இறங்கி வரும் கேபிளில். அதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: டிவி மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த் 90 காட்டுகிறது. அப்படியும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. பழைய டிவியில் புள்ளி விழுந்தாலும் படமாவது தெரியும். இது ஏன் இப்படி?

பதில்: அதே மெனுவில் குவாலிட்டி என்று இன்னொரு கோடு இருக்கும். ஸ்ட்ரெங்த் எவ்வளவு சிக்னல் வந்து சேர்கிறது என்று காட்டும். வந்ததில் எவ்வளவு பிழையில்லாமல் படிக்க முடிகிறது என்பதைக் காட்டுவது குவாலிட்டி. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையப் படமும் மெல்ல மங்கும். டிஜிட்டலில் பிழை திருத்தும் தகவலும் சிக்னலோடு சேர்ந்தே வருகிறது. ஓரளவு வரை வரும் பிழைகளை, சிக்னலைப் படிக்கும் பகுதியான ட்யூனரே சரிசெய்துகொள்ளும், பார்க்கிறவருக்குத் தெரியாது. அந்த அளவைத் தாண்டியதும் படம் உடைந்து, உறைந்து, திரை கறுத்துவிடும். தெளிவான படத்துக்கும் படமே இல்லாததற்கும் நடுவே ஒன்றிரண்டு டெசிபல்தான் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) இடைவெளி. அதனால் ‘இப்போது படம் வருகிறது, போதும்’ என்று விட்டுவிடாதீர்கள். இன்று விளிம்பில் நிற்கும் சேனல் நாளை காற்றடித்தால் போய்விடும்.

ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்தும் குவாலிட்டி மோசமாக இருக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எதிரொளிப்பை. ஒரே சிக்னல் டவரிலிருந்து நேராக வருகிறது. பக்கத்துக் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பிக் கொஞ்சம் தாமதமாகவும் வருகிறது. அனலாக் காலத்தில் இதுதான் படத்தின் ஓரத்தில் நிழல் உருவமாகத் தெரிந்தது. டிஜிட்டலில் நிழல் விழாது. இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் ஆண்டெனா நின்றால் குவாலிட்டி சரியும். டிவி ஒளிபரப்புக்குப் பயன்படும் யு.எச்.எஃப். அலையின் நீளம் சுமார் அரை மீட்டர்தான் என்பதால், ஆண்டெனாவை 30 சென்டிமீட்டர் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடக்கூடும். காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்த சந்தேகம் பூஸ்டர். ஏற்கெனவே ஒன்று மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். டவர் பக்கத்தில் இருக்கும் வீடுகளில், ஏற்கெனவே பலமான சிக்னலை இன்னும் பெருக்கி ட்யூனரைத் திணறடிக்கும் பூஸ்டர்தான் வில்லன். மூன்றாவது, அருகிலுள்ள மொபைல் டவர். முன்பு டிவிக்கு இருந்த யு.எச்.எஃப். அலைவரிசையின் மேல்பகுதியைப் பல நாடுகள் மொபைல் சேவைக்குக் கொடுத்துவிட்டன. பழைய பூஸ்டர்கள் அதையும் சேர்த்தே பெருக்கும். 4ஜி/5ஜி ஃபில்டர் என்று கிடைக்கும் சின்னக் குழாயை பூஸ்டருக்கு முன்னால் மாட்டினால் தீர்ந்துவிடும்.

கேள்வி: வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த டிவியில் ஸ்கேன் செய்தால் ஒரு சேனலும் வரவில்லை. ஆண்டெனா கோளாறா?

பதில்: பெரும்பாலும் ட்யூனர்தான் காரணம். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ, தென் கொரியா ஆகியவை ஏ.டி.எஸ்.சி. முறையில் ஒளிபரப்புகின்றன. ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐ.எஸ்.டி.பி.-டி. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் டி.வி.பி. குடும்பம். ஒரு முறைக்கான ட்யூனர் இன்னொன்றைப் படிக்காது. டி.வி.பி.-யிலேயே கூட, முதல் தலைமுறை டி.வி.பி.-டி ட்யூனரால் டி.வி.பி.-டி2 ஒளிபரப்பை எடுக்க முடியாது. ஊரில் எந்த முறை என்று பார்த்து அதற்கான செட்-டாப் பாக்ஸ் வாங்கி எச்.டி.எம்.ஐ. வழியாக இணையுங்கள். ஆண்டெனாவை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: ‘எச்.டி. ஆண்டெனா’, ‘4கே ஆண்டெனா’, ‘300 கி.மீ. ரேஞ்ச்’ என்றெல்லாம் விற்கிறார்கள். எதை வாங்குவது? கூரையில் பழைய யாகி ஆண்டெனா (வரிசையாகக் கம்பிகள் வைத்தது) ஒன்று சும்மா கிடக்கிறது.

பதில்: அந்தப் பழைய ஆண்டெனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆண்டெனா என்பது ஓர் அலைவரிசைக்கு ஏற்ற நீளத்தில் வெட்டிய உலோகம். வருவது அனலாக்கா, டிஜிட்டலா, 4கே-யா என்று அதற்குத் தெரியாது. 1926-இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உருவாக்கிய வடிவம் இன்றும் அப்படியே வேலை செய்கிறது. கம்பிகள் துருப்பிடிக்காமல், இணைப்புப் பெட்டி உடையாமல் இருந்து, உங்கள் ஊர் சேனல்களின் அலைவரிசைக்கு உரியதாகவும் இருந்தால் அதுவே போதும்.

அலைவரிசை என்று சொன்னேன். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 500 மெகாஹெர்ட்ஸ் யு.எச்.எஃப். அலைக்கு 60 சென்டிமீட்டர். அதில் பாதி, 30 சென்டிமீட்டர் கம்பி போதும். அதைவிட நீளமான, 200 மெகாஹெர்ட்ஸ் வி.எச்.எஃப். அலைக்கோ 75 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். கையகல அட்டை ஆண்டெனா யு.எச்.எஃப்.-இல் நன்றாக இருந்தும் வி.எச்.எஃப். சேனலில் தடுமாறுவது இதனால்தான். திரையில் தெரியும் சேனல் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது பெயரளவில் வைத்த எண்ணாக இருக்கலாம். உண்மையான ஒளிபரப்பு அலைவரிசை எது என்று ஒளிபரப்பாளர் வெளியிடும் பட்டியலில் பாருங்கள்.

300 கிலோமீட்டர் விஷயத்துக்கு வருவோம். டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன, பூமி வளைந்திருக்கிறது. டவரின் உயரத்துக்கும் ஆண்டெனாவின் உயரத்துக்கும் (மீட்டரில்) தனித்தனியே வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் கிலோமீட்டரில் அந்த டவரின் எல்லை. 300 மீட்டர் டவர், 10 மீட்டர் உயரத்தில் உங்கள் ஆண்டெனா என்றால் சுமார் 84 கி.மீ. அதற்கு அப்பாலும் சிக்னல் கொஞ்சம் கசிந்து போகும், ஆனால் வேகமாக மெலியும். தட்டையான ஒரு பிளாஸ்டிக் அட்டை 300 கி.மீ. எடுக்கும் என்று பெட்டியில் அச்சடித்தவர்கள் வாங்குபவரை ஏமாற்றுகிறார்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். ஆண்டெனாவை 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு உயர்த்தினால் எல்லை 5 கி.மீ. போலத்தான் கூடும். ஆனால் எதிரே ஒரு மாடியோ அடர்ந்த மரமோ மறைக்கிறது என்றால், அதன் தலைக்கு மேலே ஆண்டெனா ஏறும் அந்த ஓரிரு மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

கேள்வி: பூஸ்டரை டிவிக்குப் பின்னால் மாட்டினேன். பெரிய வித்தியாசம் இல்லை. இன்னும் சக்தி அதிகமானது வாங்கலாமா? வீட்டில் மூன்று டிவி.

பதில்: வேண்டாம். இடத்தை மாற்றுங்கள்.

ஆண்டெனாவிலிருந்து டிவி வரை சிக்னல் தேய்ந்துகொண்டே வருகிறது. நல்ல ஆர்.ஜி.-6 கேபிளிலேயே 30 மீட்டருக்கு யு.எச்.எஃப்.-இல் 5 டெசிபல் அளவு போய்விடும். 3 டெசிபல் போனால் பாதி போயிற்று என்று கணக்கு. பிறகு ஸ்பிளிட்டர்: இரண்டாகப் பிரிப்பது ஒவ்வொரு வழியிலும் 3.5 டெசிபல் தின்னும், நான்காகப் பிரிப்பது 7. இவ்வளவும் இழந்து, இரைச்சலோடு ஒட்டிக்கொண்டு வந்து சேரும் சிக்னலை டிவிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கலங்கிய தண்ணீருக்கு எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் தொட்டியில் நிறைவது கலங்கிய தண்ணீர்தான்.

அதனால் பூஸ்டர் கம்பத்திலேயே, ஆண்டெனாவிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேபிள் தின்பதற்கு முன்பே அது பெருக்கிக் கொடுத்துவிடும். வாங்கும்போது ‘40 டெசிபல்’ என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். நாய்ஸ் ஃபிகர், அதாவது பூஸ்டர் தானாகச் சேர்க்கும் இரைச்சல், எவ்வளவு என்று பாருங்கள். 2 டெசிபலோ அதற்குக் கீழோ இருந்தால் நல்ல சரக்கு. கேபிளும் ஸ்பிளிட்டரும் தின்பதை ஈடுகட்டி, இன்னும் கொஞ்சம் மிஞ்சும் அளவுக்குப் பெருக்கினால் போதும். 15 முதல் 20 டெசிபல் என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம்.

கம்பத்து பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. கீழே மாட்டும் பவர் பெட்டி ஸ்பிளிட்டருக்கு முன்னால், அதாவது ஆண்டெனா பக்கம் இருக்க வேண்டும். ஸ்பிளிட்டருக்குப் பிறகு மாட்டினால், சாதாரண ஸ்பிளிட்டர் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பூஸ்டர் உயிரில்லாமல் கிடந்து, வரும் சிக்னலையும் அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு மூன்று டிவி என்றால் மூன்று வழி ஸ்பிளிட்டரே வாங்குங்கள். எட்டு வழி வாங்கிப் பாதியைச் சும்மா விடுவது, இல்லாத டிவிகளுக்கும் சிக்னலைப் பங்கு போடுவதுதான்.

கேள்வி: மழை வந்தால் மட்டும் படம் போகிறது, வெயிலடித்தால் திரும்பி வருகிறது. வேறொரு கோளாறும் உண்டு: சில நாள் விடியற்காலையில் மட்டும் ஒரு சேனல் உடைகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. மழைத்துளிகள் டிஷ் ஆண்டெனாவின் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலான அலைகளைத்தான் பெரிதாகத் தடுக்கும். டவர் ஒளிபரப்பின் அலைகளுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மழையில் படம் போகிறது என்றால், எங்கோ தண்ணீர் உள்ளே போகிறது.

மேலே ஏறி, ஆண்டெனாவோடு சேரும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அங்கேதான் குறை. வெளியுறைக்குக் கீழே இருக்கும் பின்னல் கம்பிகளில் தலைமுடி அளவு ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சிக்னல் செத்துவிடும். பின்னல் கறுத்திருந்தால் தண்ணீர் கேபிளுக்குள் ஊறிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு தீரும் வரை வெட்டி எறிந்துவிட்டு, அழுத்திப் பொருத்தும் புதிய கனெக்டர் போடுங்கள், திருகிப் பொருத்துவது வேண்டாம். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். மேலே தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், கீழிருந்து மேலாக. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ‘ப’ வடிவத்தில் ஒரு தொங்கல் விட்டால், வழிந்து வரும் தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும். எதிரே மரங்கள் இருந்தால் அதையும் கவனியுங்கள்: நனைந்த இலைகள் யு.எச்.எஃப். அலைகளை நன்றாக உறிஞ்சும்.

விடியற்காலைக் கோளாறு வானிலையால் வருவது. தரையோரக் காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பமான காற்று படுக்கும்போது, டிவி அலைகள் அந்த அடுக்கில் வளைந்து பல நூறு கிலோமீட்டர் போய்விடும். தொலைவில் அதே அலைவரிசையில் இருக்கும் வேறொரு டவர் உங்கள் சேனலில் வந்து மோதுகிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடும். அந்த நேரத்தில் மட்டும் ரீஸ்கேன் செய்யாதீர்கள். இருக்கும் சேனல்களும் பட்டியலிலிருந்து போய்விடும்.

கேள்வி: அடுக்குமாடியில் வீட்டுக்குள் மட்டும்தான் ஆண்டெனா வைக்க முடியும்.

பதில்: டவர் இருக்கும் பக்கத்து ஜன்னல்தான் உங்களுக்கு நல்ல இடம், முடிந்தவரை உயரத்தில். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி என்றால் அது சிக்னலையும் தடுக்கும். அந்த ஜன்னலை விட்டுவிட்டு சாதாரணச் சுவரில் வைத்துப் பாருங்கள். வி.எச்.எஃப். சேனல் மட்டும் உடைந்தால் எல்.இ.டி. விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்.இ.டி. விளக்கு கக்கும் மின் இரைச்சல் அந்த அலைவரிசையில்தான் அதிகம் விழுகிறது.

கேள்வி: டவர்கள் எதிரெதிர்த் திசையில். இரண்டு ஆண்டெனா வைத்து ஸ்பிளிட்டரைத் திருப்பிப் போட்டு இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம், ஆனால் இரண்டு திசையிலும் 3.5 டெசிபல் போகும். அதைவிட மோசம், ஒரே சேனலை இரண்டு ஆண்டெனாவும் எடுத்து ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஒரு டவர் வி.எச்.எஃப்., மற்றது யு.எச்.எஃப். என்றால் அதற்கென்று உள்ள கம்பைனர் மாட்டுங்கள். இழப்பு மிகக் குறைவு. இரண்டும் யு.எச்.எஃப். என்றால் ஏ/பி சுவிட்ச் வைத்து மாற்றிக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஆண்டெனாவைச் சரியாகத் திருப்புவது எப்படி?

பதில்: குட்டைக் கம்பிகள் இருக்கும் முனை டவரைப் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டியிருக்கும் கூரைகளை நிறையப் பார்க்கிறேன். டவர் படுக்கைவாட்டில் ஒளிபரப்பினால் கம்பிகளும் படுத்திருக்க வேண்டும், செங்குத்து என்றால் நிற்க வேண்டும். இது மாறிப்போனால் 20 டெசிபல் வரை இழப்பீர்கள்.

உள்ளே ஒருவர் குவாலிட்டி கோட்டைப் பார்த்து போனில் சொல்லட்டும். இருப்பதிலேயே பலவீனமான சேனலை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிகிரி திருப்பி, கையை எடுத்து, சில நொடி காத்திருங்கள். மீட்டர் உடனே மாறாது, உங்கள் உடம்பும் சிக்னலை மறைக்கும். குவாலிட்டி உச்சம் தொடும் புள்ளியைத் தேடுவதைவிட, இடப்பக்கம் எங்கே சரிகிறது, வலப்பக்கம் எங்கே சரிகிறது என்று இரண்டையும் குறித்துக்கொண்டு நடுவில் இறுக்குவது துல்லியமாக இருக்கும். இறுக்கிய பிறகு ரீஸ்கேன்.

கேள்வி: மின்னலுக்கு என்ன பாதுகாப்பு? கம்பத்துக்குத் தனியாக ஓர் எர்த் குச்சி அடித்திருக்கிறேன்.

பதில்: தனியாக விட்டது ஆபத்து. மின்னல் அருகில் இறங்கும்போது அந்தக் குச்சிக்கும் வீட்டு மின் எர்த்துக்கும் நடுவே பெரிய வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகும். அது சமனாகும் வழி உங்கள் டிவிக்குள்ளே போகும். இரண்டையும் கனமான செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்ட் பிளாக் ஒன்று மாட்டி, கேபிளின் வெளிப்பின்னலையும் அதே எர்த்தில் சேர்க்க வேண்டும். இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். இதெல்லாம் அருகில் விழும் மின்னலுக்கும் காற்றில் சேரும் மின்னூட்டத்துக்கும்தான். கம்பத்தின் மேலேயே இறங்கினால் எதுவும் தாங்காது.

மின்கம்பி போகும் பக்கம் கம்பம் நடவே கூடாது. முழு நீளத்துக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள். டிவியிலிருந்து ஆண்டெனா கேபிளைக் கழற்றுவதென்றால் மேகம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். இடி கேட்க ஆரம்பித்த பிறகு கேபிளையும் தொடாதீர்கள், கம்பத்துக்குப் பக்கத்திலும் போகாதீர்கள்.