வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் பிச்சாவரம் படகுச் சவாரி தவிர பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் எந்த நேரத்துக்குப் போய் இறங்குகிறீர்கள் என்பதுதான் விஷயம். முதல் தடவை இது தெரியாமல் உச்சி வெயிலில் போய் மாட்டினேன். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு உப்புநீரில் வளரும் சுரபுன்னை மரங்களுக்கு நடுவே நுழைந்து கொஞ்ச தூரம்தான் போயிருக்கும், சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வத்தம் சார், அரை மணியில தண்ணி திரும்பிடும்" என்றார். வத்தம், அதாவது வற்றம், கடல் இறங்கி நீர் வடியும் நேரம். அந்த அரை மணி ஒன்றரை மணி நேரம் ஆனது வேறு கதை.

வேறு வழியில்லாமல் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் அது அசைய ஆரம்பித்தது. வளைகளிலிருந்து சின்னச் சின்ன நண்டுகள் வெளியே வந்தன, ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கிறது (பெண் நண்டைக் கூப்பிடுகிறதாம்). தண்ணீரை விட்டுக் கரைக்கு வந்து துள்ளும் மீன்கள், அதைத் தின்ன வரும் கொக்கு, உள்ளான். நீர் ஏறி நிற்கும்போது வந்திருந்தால் இதில் எதையுமே பார்த்திருக்க மாட்டேன்.

ஆக, இங்கே ஆற்றை நடத்துவது மலையில் பெய்யும் மழை மட்டுமில்லை, கடலும்தான். சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, சேத்தியாத்தோப்பு அணையைத் தாண்டி பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைத் தொடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் முகத்துவாரம் வரை நல்ல தண்ணீர். கோடையில் மேலிருந்து ஒன்றும் வராது, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிடும். ஒரு நாளைக்குக் கடலில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், அதுவும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் போன நண்பர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அஷ்டமி நவமி பக்கம் மந்தம். திதி பார்க்க வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒரே இடத்தில் நிற்காது. அலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, வருடத்தில் கொஞ்ச காலம் வடக்கே, கொஞ்ச காலம் தெற்கே. ஆற்றில் வெள்ளம் வந்தால் வாய் அகலமாகத் திறக்கும், இல்லாவிட்டால் மணல் சேர்ந்து குறுகும். விசைப்படகுக்காரர்களுக்கு இது தீராத தலைவலி.

இப்படிப்பட்ட வாயை நம்பி ஒரு காலத்தில் கப்பல்கள் வந்தன என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பரங்கிப்பேட்டை என்ற பெயரே பரங்கியர், அதாவது ஐரோப்பியர், வந்து தங்கியதால் வந்தது. போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். அப்புறம் டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள். 1781 ஜூலை 1 அன்று மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான், அயர் கூட்டின் படை சாப்பாட்டுக்குக் கடல்வழியைத்தான் நம்பியிருந்தது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து இங்கே மரக்கரியில் உருக்கி இரும்பு செய்தார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய ஆரம்பகால ஆலைகளில் ஒன்று. ஊருக்குள் போய்க் கேட்டால் பாதிப் பேருக்கு இது தெரியாது, சரி விடுங்கள்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது, சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இந்தக் காடு ஒரு காலத்தில் பாதி செத்துக் கிடந்தது என்று சொன்னால் இன்றைக்குப் படகில் போகிறவர்கள் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் வெயிலில் மண் காய்ந்து தட்டுமாதிரி குழிந்துவிட்டது, ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றி, உப்பு ஏறி, கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஏற்றம் உள்ளே வந்தது, வற்றம் உப்பை இழுத்துக்கொண்டு போனது, கரையில் வைத்த கண்டல் மரக் கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிய அளவில் தப்பின, திறந்த மணல்மேட்டில் கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர் திட்டு என்ற ஊர் தப்பவில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை: மார்கழி, தை மாதம், காலையில். அப்போதுதான் வலசை வரும் பறவைகள் இருக்கும். மோட்டார் படகு வேண்டாம், அது அகலமான கால்வாயோடு திரும்பிவிடும், சத்தத்தில் ஒரு பறவையும் உட்காராது. துடுப்புப் படகு எடுங்கள், நீர் ஏறத் தொடங்கும் நேரமாகப் பார்த்து, அப்போது சேறும் கொஞ்சம் தெரியும், மாட்டிக்கொள்ளவும் மாட்டீர்கள். இருளர்கள் இடுப்பளவு நீரில் கையாலேயே தடவி இறால் பிடிப்பதையும் பார்க்கலாம், பாவம் அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். கிளையை ஒடிக்காதீர்கள், தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இதே மரத்தால்தான்.

பிற்பகலில் பரங்கிப்பேட்டை போய் ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைப் பாருங்கள், அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. முகத்துவாரத்தில் மட்டும் குளிக்க இறங்க வேண்டாம். மேலே பார்க்கக் குளம் மாதிரி இருக்கும், வற்றம் ஆரம்பித்தால் உள்ளே இழுக்கிற இழுப்பில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே திணறுவார்கள்.