வாரண்டி இருந்தும் கைக்காசு ஏன் போகிறது?

வாடகை வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்விகள்

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஹோம் வாரண்டி எடுத்திருக்கிறேன். கீசர் ஒழுகுகிறது என்று புகார் கொடுத்தால், 'பராமரிப்பு சரியில்லை' என்று கையை விரிக்கிறார்கள். என்ன செய்வது?

எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹோம் வாரண்டி காப்பீடு அல்ல. தீ, புயல் சேதத்துக்கு வீட்டுக் காப்பீடு இருக்கிறது. புழங்கித் தேய்ந்து பழுதாகும் கருவிகளுக்கான சர்வீஸ் ஒப்பந்தம்தான் இது. ஏற்கெனவே இருந்த பழுது, தவறாகப் பொருத்தியது, பராமரிக்காமல் விட்டது ஆகியவற்றைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

கீசர் விஷயத்தில் டெக்னீஷியன் கண்ணில் முதலில் படுவது ஆனோடு கம்பி. தொட்டியின் இரும்பு அரிக்காமலிருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் இந்த மெக்னீசியம் கம்பியின் வேலை. அது கரைந்து நடுவிலுள்ள மெல்லிய இரும்புக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், அடுத்து துரு பிடிப்பது தொட்டியைத்தான். ஒழுகும் தொட்டியை ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கம்பியை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், உப்புத் தண்ணீர் என்றால் ஆண்டுதோறும் பாருங்கள். பாதி கரைந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். அப்போதே மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் வரும் வால்வை மூடி, அடியில் படிந்த சுண்ணாம்பையும் வடித்துவிடலாம். தொட்டி முழுக்க நிரம்பிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் காயில் எரிந்துவிடும்.

தேதியும் மாடல் எண்ணும் உள்ள சர்வீஸ் பில்கள் உங்களிடம் இருந்தால், அவற்றை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். பில் இல்லாமல் வாதாடுவது மிகவும் கடினம்.

குடியிருப்பவர் தானாகவே பிளம்பரை அழைத்துவிட்டு பில்லை என்னிடம் நீட்டுகிறார். வாரண்டியில் அந்தப் பணம் கிடைக்குமா?

முன் அனுமதி இல்லாமல் வெளியாள் செய்த வேலைக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீர் ஒழுகும் வீட்டில் இருப்பவரால் நீங்கள் போனை எடுக்கும்வரை காத்திருக்க முடியுமா? வாரண்டி எண்ணை அவரிடம் கொடுத்து, நேரடியாகப் புகார் செய்யலாம் என்று நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மெயின் வால்வும் மெயின் சுவிட்சும் எங்கே என்பதைக் குடிவரும் நாளிலேயே காட்டிவிட வேண்டும். மூடிவிட்டு, போட்டோ எடுத்து, அதன்பின் அழைக்கட்டும்.

ஒவ்வொரு முறை ஆள் வருவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. அதை யார் கொடுப்பது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: தேய்மானம் என்றால் உரிமையாளர், கவனக்குறைவு என்றால் குடியிருப்பவர். சாக்கடைக் குழாய் அடைத்தால் உள்ளிருந்து வருவதைப் பாருங்கள். துணியோ முடிக்கற்றையோ வந்தால் குடியிருப்பவர் பொறுப்பு. மரவேர் வந்தாலோ, குழாய் உள்வாங்கியிருந்தாலோ உங்கள் பொறுப்பு.

பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். உங்கள் கருவிகளின் வயது அந்தக் கணக்குக்குத் தெரியாது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒவ்வொன்றாகப் போடுங்கள். கீசர் 10 ஆண்டு உழைக்கும், 6 ஆண்டு ஆகிவிட்டது என்றால் மிச்சம் 48 மாதம். புதியதன் விலையை 48-ஆல் வகுத்தால் வருவதை மாதாமாதம் எடுத்துவையுங்கள். ஏ.சி., மோட்டார், வயரிங் என எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வாரண்டியில் ஒவ்வொரு பொருளுக்கும் உச்சவரம்பு இருக்கும், அதற்கு மேல் ஆவது உங்கள் பணம். குடியிருப்பவரின் அட்வான்ஸை இந்த நிதியாக நினைக்கவே வேண்டாம். அது திருப்பித் தர வேண்டிய பணம்.

எல்லாக் கருவிகளும் புதியவை. இப்போதே ஹோம் வாரண்டி வேண்டுமா?

வேண்டாம். தயாரிப்பாளர் வாரண்டி இருக்கும்போது ஒரே பொருளுக்கு இரண்டு முறை கட்டுவதாகிவிடும். அது முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது எடுங்கள். பல ஒப்பந்தங்களில் முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு, அந்த இடைவெளியில் பழுதானால் செலவு உங்களுடையது. எடுக்கும் அன்றே ஒவ்வொரு கருவியும் ஓடுவதை வீடியோவாகவும், சீரியல் எண் தகட்டைப் போட்டோவாகவும் எடுத்துவையுங்கள்.