நெஞ்சில் அறுவை, காலில் ஏன் தையல்?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று வாரம். காலிலும் ஏன் நீளமாகத் தையல்? தேக்கா மார்க்கெட்டில் பை தூக்குவேன் என்று அடம்பிடிக்கிறார். – வாசகி, சிராங்கூன்

பதில்: இதய ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி வேண்டும், அதற்காகக் காலிலிருந்து ஒரு சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை, எடுத்திருப்பார்கள். மற்ற சிரைகள் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நாள் கால் வீங்கலாம். உட்காரும்போது உயர்த்தி வைக்கட்டும்.

பை மட்டும் வேண்டாம்மா. நடு நெஞ்செலும்பை அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேரவே 6 முதல் 12 வாரம் ஆகும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். தாதியாக இருந்த 22 வருடமும் வார்டில் நான் முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். மார்க்கெட்டுக்குச் சும்மா நடந்து வரட்டும், நல்லது. காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எலும்பு அசைவதுபோல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.