நூறை நெருங்கியவர்களும் தாண்டியவர்களும்: கேள்வி பதில்

கேள்வி: மிக அதிக வயதில் நோபல் வாங்கியவர் யார்? அதன் பிறகு எத்தனை காலம் இருந்தார்?

பதில்: ஜான் குட்இனஃப். 2019-இல் வேதியியல் நோபல் வாங்கும்போது அவருக்கு 97 வயது. 2023 ஜூனில், 101 முடிய சரியாக ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். நம் கைப்பேசிகளில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு அடிப்படையான கோபால்ட் ஆக்சைடு மின்முனையை 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கொண்டுவந்தபோதே அவருக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. அங்கே கட்டாய ஓய்வு நெருங்கியதும் 1986-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், தொண்ணூறைத் தாண்டியும் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய உணவுப் பழக்கம் என்ன என்று எல்லோரும் தேடுகிறார்கள். அந்த வயதிலும் அவருக்கு ஓர் ஆய்வகம் கொடுத்து வைத்திருந்தார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: நம்ம ஊரில் அப்படி யாராவது?

பதில்: டாக்டர் சாந்தாவை முதலில் சொல்வேன். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அடுத்த வருஷமே சேர்ந்தார். அப்போது அங்கே 12 படுக்கைதான். பணம் கொட்டும் தனியார் தொழிலுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, ஏழை நோயாளி பணமில்லாமல் திரும்பிப் போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக நின்று, 2005-இல் மகசேசே விருதும் வாங்கி, 2021 ஜனவரியில் 93 வயதில் காலமாகும் வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை. ஒரே இடத்தில் அறுபத்தைந்து வருஷம்! இவரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: நீண்ட ஆயுள் எல்லாம் பரம்பரைதானே? நாம் செய்ய என்ன இருக்கிறது?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு, முழுக்க அதுவே இல்லை. இத்தாலியின் நரம்பியல் விஞ்ஞானி ரீத்தா லெவி மொன்டால்சினி 103 வயது வரை இருந்தார், அவரோடு இரட்டையாகப் பிறந்த ஓவியர் பாவ்லா 91-இல் காலமானார். ஒரு குடும்பத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, சரி. ஆனால் ரீத்தாவின் கதையைப் படியுங்கள். யூதர்களுக்கு எதிரான முசோலினியின் இனச் சட்டத்தால் பல்கலைக்கழக வேலை போனதும் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, கோழிக் கருவின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1986-இல் நோபல் வந்தது.

கேள்வி: 110, 115 என்றெல்லாம் செய்தியில் வருகிறதே, நம்பலாமா?

பதில்: காகிதம் இருந்தால் நம்பலாம். 122 வயது வரை இருந்த பிரான்சின் ழான் கால்மோனுக்கு, சின்ன வயது முதல் ஊர்க் கணக்கெடுப்புகளில் பெயர் இருக்கிறது. நம் பக்கம் அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி, பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2011-இல் நூறு வயதில் டொரொண்டோ மாரத்தானை ஓடி முடித்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் ஏற்கவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரில் கார் மோதி இறந்தபோது 114 என்றார்கள். இரண்டு வருஷம் கூடக் குறைய இருந்தால்தான் என்ன, அந்த வயதில் 42 கிலோமீட்டர் ஓடியது பொய்யாகிவிடுமா? மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியும் அப்படித்தான், நூறைத் தாண்டியும் காட்டில் இறங்கி இயற்கை விவசாயம் பார்த்தவர்.

கேள்வி: இவ்வளவு தாமதமாக விருது கொடுப்பது நியாயமா?

பதில்: இல்லை. புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் 1945-இல் கல்கத்தாவில் எழுதிய கட்டுரைக்காக சர்வதேசப் புள்ளியியல் பரிசு கிடைத்தது 2023-இல், அவருடைய 102-ஆவது வயதில். அதே வருஷம் ஆகஸ்டில் காலமானார், ஆனாலும் காதால் கேட்டுவிட்டுப் போனார். எம்.எஸ். சுவாமிநாதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 98 வயதில் 2023 செப்டம்பரில் மறைந்தார், பாரத ரத்னா அறிவிப்பு வந்தது 2024 பிப்ரவரியில். ஐந்து மாதம் முன்னால் அறிவிக்க என்ன தடை இருந்தது?